தாமஸ் ஹாக்கேயின் வலது கை: சைனா, ஸ்டேக், ஹை-ஹேட் பற்றி என் நீண்ட நாள் அனுபவம்

வேலூரில் என்னிடம் டிரம்ஸ் கற்றுக்கொள்ள வரும் பையன்களில் மெட்டல் இசை பிடித்தவர்கள் முதலில் விசாரிப்பது, இரண்டு காலாலும் பெரிய டிரம்மை அடிக்க உதவும் டபுள் பெடலைத்தான். எந்தப் பெடல் நல்லது, எவ்வளவு வேகம் போகலாம், கணுக்காலால் அடிப்பதா முழுக்காலால் அடிப்பதா என்றெல்லாம் கேட்பார்கள். நான் மெஷுகா என்ற மெட்டல் குழுவின் பாட்டு ஒன்றைப் போட்டு, "காலை மறந்துடுங்க, வலது கை எங்க விழுதுன்னு மட்டும் கேளுங்க" என்பேன். அந்தக் குழுவின் டிரம்மர் தாமஸ் ஹாக்கேயைப் பல வருடமாகக் கேட்டு, அவர் முறையில் பழகி, அதற்காகவே சிம்பல்களை (டிரம்ஸோடு மாட்டும் உலோகத் தட்டுகளை) மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தவன் நான். அவர் வாசிப்பைத் தாங்கி நிற்பது அந்த வலது கைதான். எந்த சிம்பல் வாங்குவது என்பதையும் அந்தக் கையைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

மெஷுகா, ஸ்வீடனில் உமியோ நகரத்தில் 1987-இல் தொடங்கிய குழு. பாடல் வரிகளில் பெரும்பகுதியை எழுதுவதும் டிரம்மர் ஹாக்கேதான். சபியன் கம்பெனி சிம்பல், சோனார் கம்பெனி டிரம்ஸ் வாசிப்பவராக நீண்ட காலம் அறியப்பட்டவர். அவருடைய முத்திரை இப்படி இருக்கும்: வலது கை சைனாவிலோ (விளிம்பு எதிர்ப்பக்கம் வளைந்த, கரகரப்பான சிம்பல்) திறந்த ஹை-ஹேட்டிலோ (பெடலால் திறந்து மூடும் இரட்டைத் தட்டு) நேராக ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. மூன்றாவது அடியில் ஸ்நேர் டிரம். கீழே கால்கள் இரண்டும் கிதாரோடு சேர்ந்து வேறொரு கணக்கில் ஓடும். 2002-இல் வந்த 'நத்திங்' ஆல்பத்தில் 'ரேஷனல் கேஸ்' கேட்டுப் பாருங்கள். கை ஒரு பக்கம், கிதார் ஒரு பக்கம் என்று போய் 64-ஆவது அடியில்தான் இரண்டும் ஒன்றாக வந்து சேரும். முதல் தடவை கேட்கிறவர்கள் ஏதோ புரியாத தாளம் என்று நினைத்துவிடுகிறார்கள். கையை மட்டும் பிடித்துக்கொண்டால் பச்சைக் குழந்தை கூடத் தலையாட்டக்கூடிய நாலடித் தாளம் அது.

நம் ஊர்க்காரர்களுக்கு இது அந்நியமான விஷயமே இல்லை. குடியாத்தத்தில் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா தொடங்கி, வடாற்காடு முழுக்க அம்மன் கோயில் விழாக்களில் பம்பை கேட்டு வளர்ந்த காதுகள் நமக்கு. கைத்தாளம் அசையாமல் நிற்கும். பம்பை அதன் மேல் எங்கெங்கோ போய்ச் சுற்றிவிட்டு, தீர்மானம் வைத்து டக்கென்று வந்து நிற்கும். பக்கத்து ஊர்ப் பம்பைக் கலைஞர் ஒருவருக்கு என் போனில் மெஷுகாவின் 'பிளீட்' பாட்டைப் போட்டுக் காட்டினேன். அந்தக் கூச்சலுக்கு முகம் சுளிப்பார் என்று எதிர்பார்த்தேன். தொடையில் தாளம் போட்டுக்கொண்டே முழுசாகக் கேட்டார். "தாளம் நிக்குதில்ல தம்பி, அப்புறம் எங்க போனா என்ன?" என்றார். ஹாக்கேயைப் பற்றி நான் படித்த எந்த விளக்கமும் இவ்வளவு சுருக்கமாக இல்லை.

'பிளீட்' 2008-இல் வந்த 'ஆப்ஸென்' ஆல்பத்தில் இருக்கிறது. அதில் காலுக்கு அடிப்படை 'ஹெர்டா' என்று டிரம்மர்கள் சொல்லும் சொற்கட்டு. மூன்று மாத்திரை, அதில் ஒரு மாத்திரை இரண்டாக உடையும். ஆக மூன்று மாத்திரைக்குள் நாலு அடி. நான் பழகுவது முதல் மாத்திரையை உடைக்கும் வடிவம்: வலது, இடது என்று வேகமாக இரண்டு, பிறகு வலது ஒன்று, இடது ஒன்று. நாலும் இரட்டைப்படை என்பதால் ஒவ்வொரு சுற்றும் வலது காலிலேயே தொடங்கும், அது ஒரு வசதி. மேலே கை நாலு மாத்திரைக்கு ஒரு தடவை விழுகிறது. முதல் அடி ஹெர்டாவின் தலையில், இரண்டாவது அடி நடுவில், மூன்றாவது அடி வாலில். பன்னிரண்டு மாத்திரை கழித்துத்தான் மறுபடி தலையில் விழும். இதில் முதல் இரண்டு அடியும் வலது காலோடு சேரும். மூன்றாவது அடி மட்டும் இடது காலோடு. எல்லோரும் தடுமாறும் இடம் இதுதான். வலது கையும் வலது காலும் சேர்ந்து வாசித்தே பழகிய உடம்பு, இடது கால் வரும் அந்த ஓரிடத்தில் கையைக் கொஞ்சம் முன்னே தள்ளிவிடும், இல்லையென்றால் பின்னே இழுத்துவிடும். மயிரிழை வித்தியாசம்தான். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் வந்தால் பாட்டே நொண்டும்.

சிம்பல் பேச்சு இங்கேதான் வருகிறது. 'பிளீட்' நிமிடத்துக்கு 115 அடி வேகம். அதாவது ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே அரை நொடிக்குச் சற்று மேல். என் 18 அங்குல சைனாவை ஓங்கி அடித்தால் இரண்டு நொடியாவது இரையும். அப்படியானால் எந்த நேரத்திலும் நாலு அடியின் சத்தம் ஒன்றன் மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கிறது. பெரிய மேடையில், நல்ல மைக் வைத்து, சத்தத்தைப் பிரித்து அனுப்ப ஆள் இருந்தால் அந்த இரைச்சலே ஒரு கம்பீரம். கல்யாண மண்டபத்திலும், கல்லூரி ஆடிட்டோரியத்திலும், டைல்ஸ் போட்ட மாடி அறையிலும் அது வெறும் இரைச்சல். முக்கியமாக, அந்த இரைச்சலுக்குள் கை முன்னே போனதா பின்னே போனதா என்று வாசிக்கிறவனுக்கே கேட்காது.

அதனால் பயிற்சிக்கு ஸ்டேக்குக்கு மாறினேன். ஸ்டேக் என்றால் இரண்டு சிம்பலை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து இறுக்கி, இரைச்சல் உடனே அடங்கும்படி செய்வது. என்னிடம் விளிம்பில் விரிசல் விட்ட பழைய 16 அங்குல கிராஷ் (அழுத்தம் கொடுக்க ஓங்கி அடிக்கும் சிம்பல்) ஒன்று இருந்தது, சாதாரணப் பித்தளைதான். ராணிப்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் கொடுத்து, விரிசல் போன பகுதி போக 12 அங்குலமாக வெட்டி, விளிம்பைத் தேய்த்து வாங்கினேன். லேத் அண்ணன் இது எதற்கு என்று கேட்டு, தட்டிப் பார்த்து, "சத்தம் நல்லாத்தான் வருது" என்று சான்றிதழும் கொடுத்தார். அதை ஒரு 14 அங்குல சைனாவின் மேல் வைத்து விங் நட்டை முறுக்கினால் 'சட்' என்று விழுந்து 'சட்' என்று முடியும். நட்டை அரைச் சுற்று தளர்த்தினால் கொஞ்சம் நீளும். இந்த ஒரு திருகில் அறைக்குத் தகுந்தபடி நீளத்தை வைத்துக்கொள்ளலாம். இதில் ஹெர்டா பழகத் தொடங்கிய பிறகுதான் அந்த மூன்றாவது அடியின் பிசகு எனக்குத் தெளிவாகக் கேட்டது. கேட்க ஆரம்பித்தால் பாதி சரியாகிவிடும்.

உலோகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சிம்பல் உலோகத்தில் பி20 என்றால் நூற்றுக்கு இருபது பங்கு தகரம் (வெள்ளீயம்), மீதி செம்பு. நம் ஜால்ரா செய்யும் வெண்கலத்தின் சொந்தக்கார உலோகம். வார்த்து, அடித்து, உருட்டிச் செய்வது, சத்தத்தில் அடர்த்தி இருக்கும். பி8 என்றால் எட்டுப் பங்கு தகரம், தகடாக வெட்டிச் செய்வது, பளிச்சென்று நேராகக் குத்தும். பி8 மட்டம் என்று சொல்பவர்களை நான் ஒத்துக்கொள்வதில்லை. சுவிட்சர்லாந்தின் பைஸ்டி கம்பெனி 1971-இல் கொண்டுவந்த, '2002' என்று பெயர் வைத்த சிம்பல் வரிசை அந்த எட்டுப் பங்கு உலோகம்தான், எத்தனையோ ராக், மெட்டல் டிரம்மர்களின் ஆஸ்தி அது. பித்தளை பழகத் தொடங்க ஆகும். கனமாக அடிக்கிறவர்களுக்குத் தாங்காது.

எல்லா மெட்டல் வாசிப்புக்கும் இதே கணக்கு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அயர்ன் மெய்டன் என்ற பிரிட்டிஷ் மெட்டல் குழு 2007 மார்ச்சில் பெங்களூரு பேலஸ் கிரவுண்ட்ஸுக்கு வந்தபோது காட்பாடியில் ரயில் ஏறிப் போன கூட்டத்தில் நானும் ஒருவன். அவர்கள் டிரம்மர் நிக்கோ மெக்பிரெயின் ஒற்றைப் பெடலிலேயே அந்தக் குதிரை ஓட்டத்தைக் காலால் கொண்டுவந்தார், கை ரைடில் (தாளத்தைத் தொடர்ந்து தட்டும் பெரிய சிம்பலில்) ஓடியது. அவருக்கு ரைடுதான் எல்லாம், நீளமாக இரையும் கிராஷ் அவர் பாட்டுக்கு அழகு. ஹாக்கே வேறு வகை.

ஹை-ஹேட்டுக்கு 14 அங்குலம் போதும், கீழ்த் தட்டு மேல் தட்டைவிடக் கனமாக இருக்கட்டும். அரைகுறையாகத் திறந்து விளிம்பில் அடித்தால் சைனாவுக்கு மாற்றாகவே நிற்கும். ஞாயிறு காலை சர்ச்சில் வாசிக்கும் நண்பர்களுக்கும் லைட் மியூசிக் மேடைக்காரர்களுக்கும் அதே செட் உதவும், அது தனி லாபம்.

பராமரிப்பில் நான் கறாராக இருப்பது மூன்று விஷயத்தில். ஸ்டாண்டு கம்பியில் பிளாஸ்டிக் ஸ்லீவ் இல்லாமல் சிம்பலை மாட்டவே கூடாது, நடு ஓட்டை நாளடைவில் நீள்வட்டமாகித் தேய்ந்துவிடும். கிராஷை எதிராக வெட்டுவது போல் அடிக்காமல் சாய்த்து வைத்துச் சாய்வாக அடிக்க வேண்டும். சைனாவை நான் கவிழ்த்தே மாட்டுகிறேன், குச்சியும் பிழைக்கும், விளிம்பும் பிழைக்கும். ஒருவேளை விரிசல் வந்துவிட்டால் அது முடியும் இடத்தில் சின்ன ஓட்டை போட்டால் மேலே ஓடுவது தள்ளிப்போகும். புளி போட்டுத் தேய்க்க வீட்டில் அம்மா ஆசைப்படுவார், விடாதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் போட்டுக் கோடுகளின் வாக்கில் துடைத்து உடனே ஈரம் போக்கினால் போதும். வேலூர் வெயில் டிரம் தோலைத்தான் தளர்த்துமே தவிர சிம்பலை ஒன்றும் செய்யாது.

கேட்டுப் பழக ஆல்பம் கேட்கிறவர்களுக்கு: 2005-இல் வந்த 'கேட்ச் தர்ட்டித்ரீ'யை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். அதில் ஹாக்கேயின் டிரம்ஸ் சத்தத்தை சாம்பிளாக எடுத்துக் கணினியில் கோத்திருக்கிறார்கள். பாட்டு அபாரம், ஆனால் கை எப்படிச் சாய்கிறது என்று அதில் படிக்க முடியாது. 2016-இல் வந்த 'தி வயலண்ட் ஸ்லீப் ஆஃப் ரீசன்' குழு முழுதும் சேர்ந்து நேரடியாக வாசித்துப் பதிவு செய்தது. சிம்பல் அடியில் மனிதக் கையின் எடை அதில் தெரியும்.

பழகும் முறையும் சொல்லிவிடுகிறேன். கையில் நாலடி, வாயில் 'தகதிமி தகிட' என்று ஏழு. நாலு பார் என்றால் 64 மாத்திரை, ஏழு ஒன்பது முறை போனால் 63, ஒன்று மிச்சம். அந்த ஒன்றைக் கடைசியில் வைத்து சமத்துக்கு, அதாவது முதல் அடிக்கு, வாருங்கள். வாய் சரியாகச் சொன்ன பிறகு காலுக்கு இறக்குங்கள். பணம் கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் முதலில் நல்ல ஹை-ஹேட், அப்புறம் உடைந்த சிம்பல் எதையாவது தேடி ஒரு ஸ்டேக். பெரிய சைனாவை மேடை கிடைக்கும்போது சென்னைக்குப் போய் நேரில் தட்டிப் பார்த்து வாங்கலாம்.