3060 12ஜிபியா, 4060 8ஜிபியா? ரெண்டையும் கல்யாண வீடியோ வேலைக்கு ஓட்டிப் பார்த்த அனுபவம்

எங்களுக்கு திருப்பூர்ல சின்ன ஸ்டுடியோங்க. கல்யாணம், காதுகுத்து, சீர்னு எல்லாம் எடுக்கறோம், எடிட்டிங்கும் நாங்களே தான். ரெண்டு சிஸ்டம் இருக்கு. ஒண்ணுல என்விடியாவோட ஆர்டிஎக்ஸ் 3060 12ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 2022 அக்டோபர்ல வாங்குனது. அந்த செப்டம்பர்ல தான் எதீரியம்ங்கற கிரிப்டோ நாணயத்துக்கு கார்டு போட்டு மைனிங் பண்றது நின்னு கார்டு விலை நம்ம கைக்கு எட்டற அளவுக்கு இறங்குச்சு. இன்னொண்ணுல ஆர்டிஎக்ஸ் 4060 8ஜிபி, 2023 டிசம்பர்ல போட்டது. அதுக்கெல்லாம் முன்னாடி அஞ்சு வருஷம் ஜிடிஎக்ஸ் 1060 6ஜிபி. ரிவ்யூல எல்லாம் கேம் எப்பிஎஸ் (செகண்டுக்கு எத்தனை பிரேம்) தான் பேசறாங்க, எடிட்டிங்குக்கு வாங்கறவங்களுக்கு வேற கணக்கு, அதுக்குத் தான் இதை எழுதறேன்.

முதல்ல கோர் எண்ணிக்கை. 1060ல 1280 கூடா கோர் (கார்டுக்குள்ள கணக்குப் போடற சின்ன யூனிட்), 3060ல 3584. கிட்டத்தட்ட மூணு மடங்குன்னு நம்பித் தான் மாத்தினேன், ஆனா எங்க ரெண்டரிங்ல ஏறக்குறைய ரெண்டு மடங்கு வேகம் தான் கிடைச்சுது. அப்புறம் படிச்சப்ப தான் புரிஞ்சுது, தலைமுறை மாறினா கோரோட அமைப்பே மாறிடுது, அதனால பழைய தலைமுறையோட எண்ணிக்கையை இதோட நேருக்கு நேர் வைக்கவே கூடாது. 4060ஐப் பாருங்க, 3072 கோர் தான், 3060ஐ விட கம்மி, ஆனா பூஸ்ட் கிளாக் (சிப் ஓடற வேகம்) 2460 மெகாஹெர்ட்ஸ், 3060க்கு 1777. சிப்புக்குள்ளயே இருக்கற வேகமான சின்ன மெமரி, எல்2 கேஷ், அதையும் 3எம்பியில இருந்து 24எம்பிக்கு ஏத்தியிருக்காங்க. அதனால கோர் கம்மியா இருந்தும் வேகம் ஜாஸ்தி.

ஆனா மெமரி பஸ்ஸை, அதாவது சிப்புக்கும் கார்டு மெமரிக்கும் நடுவுல டேட்டா போற பாதையைப் பாருங்க. 3060ல 192 பிட், செகண்டுக்கு 360 ஜிபி. 4060ல 128 பிட், 272 ஜிபி. கேம்ல இந்தக் குறையை அந்த பெரிய கேஷ் பெரும்பாலும் மூடிருது. என் தம்பி ராத்திரி வேலை முடிஞ்சு 1080பியில விளையாடறான், அவனுக்கு 4060 தான் உசத்தி, என்விடியாவோட பிரேம் ஜெனரேஷனும் (நடுவுல பிரேமை கார்டே உருவாக்கிச் சேர்க்கறது) 3060ல வராது. எங்க வேலை அப்படி இல்ல.

நாப்பது நிமிஷ முகூர்த்த வீடியோ, 4கே, சும்மா கலர் கரெக்ஷன் மட்டும் பண்ணி எக்ஸ்போர்ட் போட்டா 3060ல 31 நிமிஷம், 4060ல 26 நிமிஷம். இதுவரைக்கும் 4060 ஜெயிக்குது. அதே டைம்லைன்ல ரிசப்ஷன் ஹால் இருட்டுல எடுத்த ஷாட் வரும், அதுக்கு நாய்ஸ் ரிடக்ஷன், மேல ஸ்கின் ஸ்மூத்திங், அதுக்கு மேல கொஞ்சம் கிரெய்ன். கூடவே ஆல்பம் டிசைன் பைலும் பிரவுசரும் திறந்து கிடக்கும். டாஸ்க் மேனேஜர்ல கிராபிக்ஸ் மெமரி 7.1, 7.4, 7.7ன்னு ஏறிக்கிட்டே போய் அங்கயே நிக்கும், அப்புறம் ஸ்க்ரீன் ஒரு செகண்டு உறைஞ்சு ஜிபியூ மெமரி ஃபுல்னு மெசேஜ். எங்ககிட்ட வேலை செய்யற பையன், “ஏனுங்ணா, மறுக்கா அதே மெசேஜ் வருதுங்”னு அன்னைக்கு நாலு தடவை வந்து சொன்னான், மறுநாள் காலையில பொண்ணு வீட்டுக்கு பென்டிரைவ் குடுக்கணும். அதே புராஜெக்டை 3060க்கு மாத்திப் போட்டேன், 9.3 ஜிபி வரைக்கும் போச்சு, மெதுவாத் தான் ஓடுச்சு, ஆனா விடியறதுக்குள்ள முடிச்சுக் குடுத்துருச்சு.

இதுல இன்னொரு விஷயம் இருக்கு, இதை நிறைய பேர் கவனிக்கறதில்ல. விரேம் (கார்டோட சொந்த மெமரி) நிரம்பினா மிச்சம் சிஸ்டம் ரேமுக்குப் போகும், அந்தப் பாதை தான் பிசிஐ ஸ்லாட். 4060 ஸ்லாட்ல முழுசா உக்கார்ந்தாலும் எட்டு லேன் (டேட்டா போற வழி) தான் எடுக்கும், 3060 பதினாறு. எங்க ரெண்டாவது சிஸ்டம் பத்தாவது ஜென் ஐ5, போர்டு பிசிஐ 3.0, அப்ப பாதை இன்னும் பாதியாகிப் போகுது. சந்தேகம் தீரட்டும்னு ஒரு ஞாயித்துக்கிழமை கார்டை மாத்தி மாத்திப் போட்டுப் பார்த்தேன். பன்னெண்டாவது ஜென் போர்டுல, பிசிஐ 4.0ல, 4060 கொஞ்சம் திணறல் குறைஞ்சு ஓடுச்சு, ஆனா அந்த மெசேஜ் அங்கயும் வந்துச்சு. பழைய போர்டு வச்சிருக்கறவங்க 8ஜிபி, எட்டு லேன் கார்டு எடுக்கறதுக்கு முன்னாடி இதை யோசிங்க.

கரண்ட் விஷயத்துல 4060க்கு முழு மார்க். 115 வாட் தான். 3060 170 வாட், ரெண்டர் ஓடறப்ப கரண்ட் போச்சுன்னா எங்க பழைய 600விஏ யூபிஎஸ் தாங்காம கத்தும், 1100விஏ மாத்த வேண்டியதாப் போச்சு. ஏப்ரல், மே வெயில்ல மதியம் ரெண்டு மணிக்கு 3060 81 டிகிரி வரைக்கும் போச்சு, 4060 70ஐ தாண்டி நான் பார்த்ததில்ல.

சூட்டுக்கு ஊரும் ஒரு காரணம். எங்க ஸ்டுடியோவுக்குக் கீழயே பனியன் கம்பெனி, பஞ்சுத் தூசி எங்க பார்த்தாலும் பறக்கும். ரெண்டரை வருஷம் கழிச்சு 3060ஐ கழட்டினப்ப ஹீட்சிங்க் தகட்டுக்கு நடுவுல பஞ்சு கம்பளி மாதிரி படிஞ்சு கிடந்துச்சு, பெயிண்ட் பிரஷ்ல தள்ளினா சுருளா வந்துச்சு. தெர்மல் பேஸ்ட் காஞ்ச சுண்ணாம்பு மாதிரி, நகத்துல சுரண்டினா உதிருது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு துடைச்சு புது பேஸ்ட் வச்சேன், பேடு கிழியாம இருந்ததால அதை அப்படியே வச்சுட்டேன், 81 இருந்தது 73க்கு வந்துச்சு. பேன் ஒயர் கனெக்டர் ரொம்ப சின்னது, அவசரப்பட்டு ஒயரைப் பிடிச்சு இழுத்துடாதீங்க. வாரன்டி இருக்கற கார்டுன்னா முதல்ல வாங்குன கடையில கேட்டுட்டுத் தொடுங்க.

அப்புறம் கேமராக்காரங்களுக்கு ஒண்ணு. 4:2:2 10 பிட் எச்265ல (நிறத் தகவல் ஜாஸ்தியாப் பதிவாகற பார்மேட்) எடுக்கறீங்கன்னா, இந்த ரெண்டு கார்டுமே அதை ஹார்டுவேர்ல டிகோட் பண்ணாது. எங்க மெயின் சிஸ்டத்துல அந்த புட்டேஜ் வழுக்கிட்டு ஓடறதுக்குக் காரணம் 3060 இல்ல, ஐ5 12400க்கு உள்ளயே இருக்கற இன்டெல் கிராபிக்ஸ். அதே கிளிப் பத்தாவது ஜென்ல இழுத்து இழுத்து நிக்கும், பிராக்சி (எடிட்டிங்குக்கு மட்டும் லேசான காப்பி) பண்ணித் தான் ஆகணும். புராசஸர் பேர்ல எஃப்னு முடிஞ்சா உள்ள கிராபிக்ஸ் கிடையாது, ஆயிரம் ரெண்டாயிரம் மிச்சம்னு அதை வாங்காதீங்க. 50 சீரிஸ்ல இருந்து தான் என்விடியா கார்டே 4:2:2ஐ டிகோட் பண்ணுது. ஏவி1ங்கற புது வீடியோ பார்மேட்ல எக்ஸ்போர்ட் வேணும்னா 4060 பண்ணும், 3060ல அது இல்ல.

இப்போதைக்கு நாய்ஸ் ரிடக்ஷன் வேலை எல்லாம் 3060க்கு, டீசர், ரீல்ஸ், ஆல்பம் எல்லாம் 4060க்குன்னு பிரிச்சு ஓட்டறோம். மாத்தினா 5060டிஐ 16ஜிபி தான், அதுலயே 8ஜிபியும் அதே பேர்ல வருது, பில் போடறப்ப பாத்து வாங்கணும். ஆவணி முகூர்த்தம் முடியற வரைக்கும் 3060ஐ கழட்டப் போறதில்ல.