விலை ஏறியதும் ஆர்டர் ரத்து: ‘நீங்களே கேன்சல் செய்யுங்கள்’ என்று கேட்டால் செய்யாதீர்கள்

டெல்லி, நொய்டா, குர்கான் பக்கம் இருக்கும் நம்மவர்கள் யாராவது ஆன்லைனில் ஏர் பியூரிஃபையர் வாங்கப் போகிறீர்கள் என்றால், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். ஆன்லைன் விலை ஏறும், இறங்கும்; அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். நாம் பணம் கட்டி முடித்த பிறகு விலை ஏறினால் என்ன செய்கிறார்கள் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

நாங்கள் இருப்பது மயூர் விஹாரில். தீபாவளி நெருங்கினால் இங்கே காற்று எப்படி ஆகும் என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வண்டிப் புகை, பஞ்சாப், ஹரியானா வயல்களில் பயிர்க்கழிவு எரிக்கும் புகை, காற்று அசையாத குளிர் எல்லாம் சேர்ந்து காற்றுத் தரக் குறியீடு 400ஐத் தாண்டிவிடும். எங்களோடு இருக்கும் அப்பாவுக்கு வீசிங் உண்டு. அதனால் பண்டிகைத் தள்ளுபடி தொடங்கியதுமே ஒரு பெரிய விற்பனைத் தளத்தில், கார்டு சலுகை போக 9,499 ரூபாய்க்கு ஒரு பியூரிஃபையரை ஆர்டர் செய்தேன். முழுப் பணமும் உடனே எடுத்துக்கொண்டார்கள். ஆர்டர் உறுதி என்று மெயிலும் வந்தது.

டெலிவரி தேதி தள்ளிப்போனது. மறுபடி தள்ளிப்போனது. அதற்குள் காற்று கெட்டுவிட்டது. அதே பக்கத்தைத் திறந்து பார்த்தால் அதே விற்பனையாளர், அதே மாடல், விலை 13,999. ‘இன்னும் 2 மட்டுமே உள்ளன’ என்று சிவப்பு எழுத்து வேறு. எனக்கு அனுப்பச் சரக்கு இல்லையாம், புதிதாக வாங்குகிறவருக்கு மட்டும் இருக்கிறதாம்.

வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தேன். அந்தப் பெண் இந்தியில் மிகப் பணிவாகப் பேசினார். “உங்கள் ஏரியாவுக்கு டெலிவரி பிரச்சினை இருக்கிறது. நீங்களே ஆப்பில் கேன்சல் செய்துவிட்டால் பணம் இன்றைக்கே திரும்பிவிடும். நாங்கள் செய்தால் ஏழு வேலை நாள் ஆகும்.” நான் மறுத்துவிட்டேன். மறுநாள் டெலிவரி ஆள் என்று ஒருவர் போன் செய்து ஓடிபி கேட்டார். பொருள் எங்கே என்றால் பதில் இல்லை. மெசேஜைப் படித்துப் பார்த்தால் அது ஆர்டரை ரத்து செய்வதற்கான ஓடிபி.

தயவுசெய்து இந்த இடத்தைக் கவனியுங்கள். நாம் பட்டனைத் தட்டினாலும் சரி, ஓடிபி கொடுத்தாலும் சரி, ‘வாடிக்கையாளர் ரத்து செய்தார்’ என்றுதான் பதிவாகும். அதற்கப்புறம் கேள்வி கேட்க நமக்குப் பிடி இல்லை. எதிர் பிளாக்கில் இருக்கும் மதுரைக்கார அக்கா ஒருவருக்கும் இதே கதைதான். பணம் சீக்கிரம் வரட்டும் என்று அவர் தட்டிவிட்டார். புகார் செய்தபோது, ரத்து செய்தது நீங்கள்தானே என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்.

என் ஆர்டரில் இரண்டு நாள் கழித்து, ‘டெலிவரி செய்ய வந்தோம், வாடிக்கையாளர் வாங்க மறுத்துவிட்டார்’ என்று போட்டு, ரத்து செய்து, பணத்தைத் திருப்பிவிட்டார்கள். இதுதான் எனக்குத் தாங்கவே முடியவில்லை. அன்று முழுக்க அப்பா வீட்டில்தான் இருந்தார். எங்கள் குடியிருப்பில் வெளியாள் யார் வந்தாலும் கேட்டில் பெயர் எழுதாமல் உள்ளே விடமாட்டார்கள். வாட்ச்மேனிடம் கேட்டு அந்த நாளின் பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டேன். அந்தக் கம்பெனி ஆள் ஒருவரும் வரவில்லை.

பணம்தான் வந்துவிட்டதே, என்ன நஷ்டம் என்று சிலர் கேட்டார்கள். கார்டு சலுகை போனது. தள்ளுபடி விலை போனது. அதே பொருளை வாங்க இப்போது 4,500 ரூபாய் கூடுதல். மூச்சிரைக்கும் ஒரு பெரியவர் அத்தனை நாள் அந்தக் காற்றையே சுவாசித்தார், அதற்குக் கணக்கே இல்லை.

விலையை மாற்றுவது தப்பில்லை. தளத்தில் விலை போடுவது பெரும்பாலும் விற்பனையாளர்தான். போட்டிக்காரர் விலையைக் கவனித்துத் தானாக மாற்றும் மென்பொருள்களும் உண்டு. ஆனால் மலிவு விலை காட்டி இழுத்து, வாங்கும் நேரத்தில் சரக்கு இல்லை என்று சொல்லி, விலை கூடியதைத் தள்ளிவிடுவது வேறு. 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விற்பனைத் தளங்களிலும் ஆப்களிலும் வாங்குகிறவரை ஏமாற்றும் 13 வகை வடிவமைப்புகளைத் தடை செய்தது. தூண்டில் போட்டு மாற்றுவதும், இல்லாத அவசரத்தைக் காட்டுவதும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. 2020இன் மின்வணிக விதிகளிலும் ஒன்று நமக்கு உதவும்: தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். அவர் பெயரும் தொடர்பு விவரமும் தளத்தில் இருந்தாக வேண்டும். பக்கத்தின் அடியில் தேடுங்கள். சாட்டில் மணிக்கணக்காகப் பேசுவதைவிட அவருக்கு ஒரு மெயில் போடுவது மேல்.

ஆர்டர் போட்ட நிமிடமே விலை, விற்பனையாளர் பெயர், டெலிவரி தேதி மூன்றும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். விலை ஏறியதும் அதே பக்கத்தை மறுபடி எடுங்கள், தேதியோடு. என் புகார் நிற்பது இந்த இரண்டு படங்களாலும் கேட் பதிவேட்டாலும்தான். கோடு போட்டு அடித்துக் காட்டும் பழைய விலையை நம்பாதீர்கள். அது பெரும்பாலும் எம்ஆர்பி, அந்த விலைக்கு யாரும் விற்றிருக்கமாட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் தள்ளுபடி என்று அறிவித்தால் அதற்கு முந்தைய 30 நாளில் இருந்த மிகக் குறைந்த விலையைக் காட்ட வேண்டும். இங்கே அதை நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். பைஹட்கே போன்ற விலை வரலாறு காட்டும் கருவிகளில் சில மாதத்து விலையைப் பார்த்துவிடலாம். ஃபில்டர் மாற்றுவதாக இருந்தால் மே, ஜூனில் வாங்கி வைத்துவிடுங்கள், அப்போது கேட்பாரற்றுக் கிடக்கும்.

கடைசியில் லட்சுமி நகரில் ஒரு கடையில் 11,800 ரூபாய்க்கு பில்லோடு வாங்கினோம். அன்று மாலையே வீட்டில் ஓடியது. தளம் முதலில் 500 ரூபாய் கூப்பன் தருவதாகச் சொன்னது. வேண்டாம் என்று எழுதிவிட்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்து, 9,499க்கும் 11,800க்கும் உள்ள வித்தியாசத்தைக் கேட்டிருக்கிறேன். அந்த உதவி மையம் பேசித் தீர்க்கத்தான் முயலும், உத்தரவு போட முடியாது. அங்கே முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. மதுரைக்கார அக்காவிடமும் அந்த ஓடிபி மெசேஜை அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன்.