ஹீட்டரில் புகை வருகிறதா? பழைய போர்ஷே 911 வைத்திருப்பவர்கள் கராஜில் விடும் முன் படியுங்கள்

இங்கிலாந்தில் பழைய 911 ஓட்டும் நம்மவர்கள் வேறு யாரும் இப்படி ஏமாந்துவிடக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். என்னுடையது 1982 மாடல் 911 எஸ்சி, 3.0 லிட்டர். குளிர் தொடங்கியதும், கைபிரேக் பக்கத்தில் இருக்கும் ஹீட்டர் லீவரைத் தூக்கினால் கண்ணாடிக்குக் கீழேயுள்ள துவாரங்களில் நீலம் பாய்ந்த புகை வந்தது. கூடவே எண்ணெய் கருகும் வாடை. லீவரை இறக்கினால் நின்றுவிடும். பழைய ஸ்போர்ட்ஸ் கார் வேலையில் அனுபவசாலிகள் என்று விளம்பரம் செய்யும் ஒரு கராஜில் விட்டேன்.

இரண்டு பக்க ஹீட் எக்ஸ்சேஞ்சரையும் (எக்சாஸ்ட் சூட்டில் காற்றைச் சூடாக்கும் பாகம்) கழற்றிச் சுத்தம் செய்து, எண்ணெய் கசியாமல் அடைக்கும் வால்வ் கவர் கேஸ்கெட்டுகளையும் மாற்றியதாக 1,140 பவுண்டுக்கு பில் கொடுத்தார்கள். புகை நின்றது உண்மைதான். ஆனால் சூடும் நின்றுவிட்டது. கேட்டால், இந்த வயசு வண்டியில் இவ்வளவுதான் வரும் என்றார்கள். அப்பட்டமான பொய். நல்ல நிலையில் உள்ள 911-இன் ஹீட்டர் காலைச் சுடும்.

இந்த வண்டியில் ரேடியேட்டர் தண்ணீர் கிடையாது. எஞ்சின் ஃபேன் தள்ளும் காற்றில் ஒரு பகுதி, எக்சாஸ்ட் குழாயைச் சுற்றியுள்ள தகர உறைக்குள், அதாவது ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குள் புகுந்து சூடேறி, கதவுக்குக் கீழேயுள்ள குழாய் வழியாக முன்னால் வரும். எஞ்சினிலிருந்து எண்ணெய் கசிந்து அந்தச் சூட்டில் விழுந்து கருகினால், புகையும் அதே காற்றோடு உள்ளே வரும். வால்வ் கவர், ஆயில் ரிட்டர்ன் குழாய்களின் சீல் இரண்டும் வழக்கமாகக் கசியும் இடங்கள்.

அப்புறம் வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். வண்டியை ராம்ப்பில் ஏற்றி என்னையும் கீழே கூப்பிட்டுக் காட்டினார். சூடான காற்றை உள்ளே விடுவதா வெளியே தள்ளுவதா என்று திருப்பும் பெட்டிகளில் கேபிள்கள் கழற்றி விடப்பட்டிருந்தன. அதாவது லீவரை எவ்வளவு தூக்கினாலும் காற்று உள்ளே வராது. எக்ஸ்சேஞ்சரை எஞ்சினோடு பிடிக்கும் நட்டுகள் துரு ஏறி, ஓரங்கள் மொத்தையாகி, ஸ்பானர் பட்ட ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தன. அந்த நட்டைத் தொடாமல் எக்ஸ்சேஞ்சரைக் கழற்றவே முடியாது. வால்வ் கவர் விளிம்பில் பழைய எண்ணெய் அழுக்கு அப்படியே இருந்தது, அதிலிருந்து புதுத் துளி சொட்டிக்கொண்டிருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார்கள்.

பணம் போனதைவிட எனக்குக் கோபம் இதில்தான்: சூடான எக்சாஸ்ட் மேல் எண்ணெய் சொட்டும் வண்டியை, எல்லாம் சரி என்று சொல்லிக் கையில் கொடுத்தார்கள். வலது பக்க எக்ஸ்சேஞ்சரின் உள்குழாயும் துருப்பிடித்து அரித்திருந்தது. அது ஓட்டையானால் எக்சாஸ்ட் வாயுவே கேபினுக்குள் வரும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தலைவலி, குமட்டல், தூக்கக் கலக்கம் என்று ஆரம்பித்து ஆளையே கொன்றுவிடும். 40 வயது தாண்டிய வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு இங்கே வண்டி சாலைக்குத் தகுதியா என்று பார்க்கும் வருடாந்திர எம்ஓடி சோதனை கட்டாயமில்லை என்பதால், நாமாகப் பார்க்காவிட்டால் வேறு யாரும் பார்க்கப் போவதில்லை.

எனவே புகை வந்தால் ஹீட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, வண்டியை ஓரங்கட்டுங்கள். எண்ணெய் வாடையா, பிளாஸ்டிக் கருகும் வாடையா என்று கவனியுங்கள். இரண்டாவது என்றால் வயரிங் கோளாறாக இருக்கலாம், பேட்டரியைத் துண்டித்துவிடுங்கள். தண்ணீரில் குளிரும் மற்ற கார்களில் இனிப்பு வாடையோடு கண்ணாடியில் பிசுக்கு படிந்தால் ஹீட்டர் கோர், அதாவது எஞ்சினின் சூடான தண்ணீர் ஓடும் சின்ன ரேடியேட்டர், கசிகிறது. இந்தப் பழைய 911-இல் அது கிடையவே கிடையாது; யாராவது ஹீட்டர் கோர் மாற்ற வேண்டும் என்று சொன்னால் சாவியைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.

கராஜில் விடும் முன் அந்த நட்டுகளையும் கேபிள்களையும் போட்டோ எடுத்து வையுங்கள். கழற்றிய பழைய கேஸ்கெட்டைக் கேட்டு வாங்குங்கள். பணத்தை கிரெடிட் கார்டில் கட்டுங்கள். 100 பவுண்டுக்கு மேல், 30,000 வரையிலான வேலைக்கு, 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவுப்படி கார்டு நிறுவனமும் பொறுப்பு. இரண்டாவது மெக்கானிக் எழுதிக் கொடுத்த அறிக்கை, ராம்ப்பில் எடுத்த படங்கள் எல்லாவற்றையும் சேர்த்து நானும் கார்டு நிறுவனத்திடம் அப்படித்தான் பணத்தைத் திருப்பிக் கேட்டிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கேயே சொல்கிறேன்.