மைக்ரோவேவ் ஓவனில் பொறி பறந்தால் முதலில் மைக்கா ஷீட்டைப் பாருங்கள்

"உள்ளே பட் பட்டுனு பொறி பறக்குது, மேக்னட்ரான் போச்சுங்கிறாங்க, தூக்கிப் போட்டுடவா?" என்று கேட்ட கிருஷ்ணகிரி நண்பருக்காக இது. (மேக்னட்ரான் என்பது சூடாக்கும் அலைகளை உண்டாக்கும் பாகம்.) என் வீட்டில் ஏழு வருடமாக ஓடும் 28 லிட்டர் மைக்ரோவேவ் கன்வெக்‌ஷன் ஓவன், இப்போது மூன்றாவது மைக்கா ஷீட்டில் ஓடுகிறது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு வலது பக்க உள்சுவரைப் பாருங்கள். அட்டை மாதிரி ஒரு சாம்பல் நிறத் தகடு இருக்கும், அதுதான் மைக்கா. மைக்கா தானாக எரியாது. அதன் மேல் தெறித்த எண்ணெயும் சர்க்கரையும் கருகிக் கரியாகும். கரி மின்சாரத்தைக் கடத்தும், அதில்தான் பொறி கிளம்புகிறது. மாம்பழக் கூழை மூடாமல் சூடு பண்ணும் வீடுகளில் இது சீக்கிரமே நடக்கும்.

கறை லேசாக இருந்தால் ஈரத்துணியால் துடைத்தால் போதும். கருகியிருந்தாலோ ஓட்டை விழுந்திருந்தாலோ மாற்றத்தான் வேண்டும். ஸ்க்ரூவையோ கிளிப்பையோ கழற்றி, பழைய தகட்டைப் புதிய ஷீட்டின் மேல் வைத்து வரைந்து கத்தரிக்கோலால் வெட்டுங்கள். 0.4 மில்லிமீட்டர் தடிமன் போதும். மாட்டுவதற்கு முன், தகட்டுக்குப் பின்னால் இருக்கும் திறப்பின் ஓரத்தில் ஒட்டிய கரியையும் துடைக்கணும். இதை விட்டால் புது ஷீட்டும் அதே இடத்தில் கருகும். ஷீட் இல்லாமல் ஓட்டவே கூடாது, ஆவியும் எண்ணெயும் மேக்னட்ரான் வரை போய்விடும்.

பிறகு 250 மில்லி தண்ணீர் வைத்து ஒரு நிமிடம் ஓட்டிப் பாருங்கள். இன்னும் பொறி வந்தால் சுவரில் பெயின்ட் உரிந்து துருப்பிடித்திருக்கிறதா, மைக்ரோவேவ் மோடில் கம்பி ஸ்டாண்ட் உள்ளேயே இருந்துவிட்டதா, தட்டில் வெள்ளி, தங்க விளிம்பு உண்டா என்று பாருங்கள். எதுவும் இல்லையென்றால்தான் மேக்னட்ரான் மூடி மேல் சந்தேகம். அதற்கு மெக்கானிக்தான். வெளிக்கூட்டை நீங்கள் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் உயிரை எடுக்கும் வோல்டேஜ் தங்கியிருக்கும்.

எனக்குக் கோபமெல்லாம் வடிவமைப்பின் மேல்தான். குழம்பு தெறிக்கிற உயரத்தில் இந்தத் தகட்டை வைத்துவிட்டு, ஷீட்டை மாற்றுவது பற்றிக் கையேட்டில் ஒரு வார்த்தை இல்லை. மூடி போட்டால் தெறிக்காது என்பதும் உண்மைதான்.

நேற்றைய சோற்றையும் கேழ்வரகுக் களியையும் இதைப் போல எதுவும் சூடாக்கித் தராது. ஏழு வருடத்தில் வேறு ஒரு பார்ட்டும் மாற்றியதில்லை. ஆனாலும் வருடா வருடம் மாம்பழக் கூழ் காய்ச்சுகிற வீட்டுக்கு இந்த மாடலை வாங்கச் சொல்ல மாட்டேன்.