கார்டு ரீடர்: ரிலே கதவுக்கு வெளியிலா, உள்ளேயா?

கதவுக்குக் கார்டு ரீடர் போட வேண்டும் என்று யாராவது கேட்டால், பிராண்டைப் பற்றிப் பேசும் முன் நான் கேட்பது ஒன்றுதான்: பூட்டைத் திறக்கிற ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சின்ன ஸ்விட்ச், சுவரின் எந்தப் பக்கம் இருக்கப் போகிறது?

மாட்டுவதற்கு எளிது, எல்லாம் ஒரே பெட்டிக்குள் அடங்கி, நெட்வொர்க்கில் நேரடியாக இணையும் ஐபி ரீடர். நெட்வொர்க் ஸ்விட்ச்சிலிருந்து ஒரே ஒரு ஈதர்நெட் கேபிள். மின்சாரமும் அதிலேயே வந்துவிடும். இதைப் பிஓஇ என்பார்கள்; 802.3ஏஎஃப் என்ற தரம் என்றால் கேபிளின் மறுமுனையில் 12.95 வாட் வரை எடுக்கலாம். மின்காந்தத்தால் கதவைப் பிடித்துவைக்கும் 12 வோல்ட், அரை ஆம்பியர் மேக்னட்டிக் லாக்குக்கு 6 வாட் போதும். பூட்டுக்கும் மின்சாரம் தருகிற ரீடராகப் பார்த்து வாங்கினால் தனி பவர் சப்ளைகூட வேண்டாம்.

ஆனால் ரிலே வெளிச்சுவரில் இருக்கிறதே! ஸ்க்ரூவைக் கழற்றிப் பெட்டியைப் பிடுங்கினால் பூட்டுக்குப் போகும் ஒயர்கள் கைக்கு வந்துவிடும். மின்சாரம் வந்தால் திறக்கும் எலெக்ட்ரிக் ஸ்ட்ரைக் என்றால் ரிலேயின் இரண்டு ஒயரையும் சேர்த்தால் திறக்கும். மின்சாரம் நின்றால் விட்டுவிடும் மேக்னட்டிக் லாக் என்றால் ஒன்றை வெட்டினால் போதும். கார்டே தேவையில்லை. போதாததற்கு, உள் நெட்வொர்க்கின் கேபிளும் வெளியே தொங்கும். ரிலேவை மட்டும் உள்ளே வைக்கத் தனி மாட்யூல் கிடைக்கிறது. அதோடு சேர்த்து உள் அறைகளுக்கு இந்த வகையைத் தாராளமாகப் போடலாம். வெளிவாசலுக்கு நான் போட மாட்டேன்.

அங்கே, கார்டைச் சரிபார்த்து ரிலேவை இயக்கும் கன்ட்ரோலர் உள்ளே, ரீடர் மட்டும் வெளியே. நெட்வொர்க் கேபிள் கன்ட்ரோலரோடு நின்றுவிடும். சரி, இரண்டுக்கும் நடுவே எது ஓடுவது? வீகண்ட் என்ற இணைப்பு முறை பழையது; பச்சை, வெள்ளை ஒயர்களில் கார்டு எண் மறைப்பு எதுவும் இல்லாமல் போகும், சுமார் 150 மீட்டர் வரை. ரீடருக்குப் பின்னால் ஒரு சின்ன சர்க்யூட்டை ஒட்டவைத்தால் எண்ணைப் பிடித்து மறுபடி அனுப்பிவிடலாம். புதிய முறையான ஓஎஸ்டிபியோ ஆர்எஸ்-485 என்ற ஒயர் இணைப்பு வழியாக இருபுறமும் பேசும், 1200 மீட்டர் வரை போகும், ஏஇஎஸ்-128 மறையாக்கமும் உண்டு. ரீடரைக் கழற்றினால் கன்ட்ரோலருக்கு உடனே தெரிந்துவிடும். என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் அந்த மறையாக்கத்தைத் தரும் செக்யூர் சேனலை இயக்கி, எல்லாருக்கும் தெரிந்த ஆரம்ப மறையாக்கச் சாவியை மாற்ற வேண்டும். இதை விட்டுவிட்டால் வீகண்டை விட்டு வந்ததில் பாதிப் பலன் போய்விடும்.

எதை வாங்கினாலும் ஒயரில் கஞ்சத்தனம் வேண்டாம். ஒருமுறை, தோளால் தள்ளினாலே திறந்துகொண்ட மேக்னட்டிக் லாக் ஒன்றைப் பார்க்கப் போனேன். பவர் சப்ளையில் 12 வோல்ட் சரியாக இருந்தது. லாக்கின் முனையில் மல்டிமீட்டரை வைத்தால் 9.9தான். 30 மீட்டருக்கு நெட்வொர்க் கேபிளின் ஒரு ஜோடியை இழுத்திருந்தார்கள். போக வர 60 மீட்டர், கிட்டத்தட்ட 5 ஓம். 1 சதுர மில்லிமீட்டர் ஒயருக்கு மாற்றியதும் 11.5 வந்தது, அப்புறம் கதவு அசையவில்லை. லாக்கின் முனையிலேயே ஒரு 1என்4007 டயோடையும், அதன் கோடு பிளஸ் பக்கம் இருக்கும்படி போட்டுவிட்டு வந்தேன். அது இல்லாவிட்டால், மின்சாரத்தை நிறுத்தும்போதெல்லாம் லாக்கின் காயிலில் எழும் எதிர் மின்னழுத்தம் ரிலே கான்டாக்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும்.

தீ அலாரத்தின் கான்டாக்டை மட்டும் மேக்னட்டிக் லாக்கின் பவர் ஒயரிலேயே நேரடியாகச் சேர்த்துவிடுங்கள், அலாரம் அடித்ததும் மின்சாரம் நின்று கதவு திறக்கும்படி. கன்ட்ரோலரோ நெட்வொர்க்கோ செத்துக் கிடந்தாலும் உள்ளே இருப்பவர்கள் வெளியே வந்தாக வேண்டும்.