ஹேண்ட்பேனா, மூங்கில் குழலா? உப்புக்காற்று ஊருக்கு எது சரி?

காடு, மலை, மழை என்று பெயர் சூட்டி வரும் அமைதியான வாத்திய இசையைக் கேட்டுவிட்டு, வீட்டிலேயே அப்படி வாசித்துப் பதிவு செய்யலாம் என்று இறங்குகிறவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றின் முன்னால் வந்து நிற்கிறார்கள்: ஹேண்ட்பேன் (இரண்டு எஃகுக் கிண்ணங்களை வாயோடு வாய் சேர்த்தது போன்ற, விரலால் தட்டி வாசிக்கும் வாத்தியம்), அல்லது தாழ்ந்த சுருதியில் பேசும் நீளமான மூங்கில் குழல். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் ஓட்டு குழலுக்கு. வாங்கியதும் அதைத்தான். சென்னையில் இருப்பதுதான் முக்கியக் காரணம்.

விலையில் போட்டியே இல்லை. நல்ல குழல் சில ஆயிரத்தில் முடியும். நம்பி வாங்கக்கூடிய ஹேண்ட்பேன் பல பத்தாயிரம், இறக்குமதி என்றால் லட்சத்தைத் தாண்டும். கற்பதில் ஹேண்ட்பேன் ஜெயிக்கும். முதல் நாளே காதுக்கு இதமாக ஏதாவது வந்துவிடும். குழலில் ஒரு கார்வை, அதாவது நீட்டிய சுரம், ஆடாமல் நிற்கவே மாதக்கணக்காகும்.

சுர விஷயம் கொஞ்சம் யோசிக்க வேண்டியது. அதிகம் விற்பது டி குர்ட் என்ற சுர அமைப்பு: நடுவில் ஒரு சுரம், சுற்றி எட்டு. நம் கணக்கில் 2 கட்டை சுருதியில் நடபைரவி ராகத்தின் சுரங்கள். அதே சுருதியில் மோகன ராகம் வாசிக்க வேண்டுமா, வேறு பேன் வாங்க வேண்டும். சுரத்தை அசைத்து வாசிக்கும் கமகத்துக்கும் இடமில்லை. 2000-ல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் இதன் முன்னோடியான ஹாங் உருவானபோது, எஃகுப் பீப்பாயில் செய்யும் டிரினிடாட் ஸ்டீல்பேனோடு நம் கடமும் அதற்குத் தூண்டுதலாக இருந்தது. ஆனால் கடத்தைப் போல இதைக் கவலையில்லாமல் மூலையில் வைத்துவிட முடியாது.

துருதான் பிரச்சினை. பல ஹேண்ட்பேன்கள் நைட்ரைடு செய்த, அதாவது மேற்பரப்பில் நைட்ரஜன் ஏற்றிக் கடினமாக்கிய, சாதாரண எஃகு. நைட்ரைடிங் துருவைத் தாமதப்படுத்தும், தடுக்காது. விரல் வியர்வையில் உப்பு, காற்றிலும் உப்பு. பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் ஜன்னல் கம்பிகளைப் பார்த்தாலே நிலைமை புரியும். விரல் படும் சுர ஓரங்களிலும், பேனின் அடிப்பக்கத் துளையின் விளிம்பிலும்தான் முதலில் செம்புள்ளி தெரியும். அது வெறும் அழகுப் பிரச்சினை அல்ல. ஒவ்வொரு சுரப்பகுதியும் மூன்று ஒலிகள் சேர்ந்து பேசும்படி சுத்தியலால் தட்டிச் செய்தது: சுரம், அதன் மேல் ஸ்தாயி, அதற்கும் மேலே பஞ்சமம். துரு அரித்தாலோ, அதைப் போக்க உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாலோ தகடு மெலிந்து இந்த மூன்றும் வெவ்வேறு அளவில் நகரும், சுரம் கம்மிப்போகும். திருத்தத் தெரிந்தவர்கள் வெகு சிலர். பேனைக் கூரியரில் அனுப்பினால் வழியில் ஒரு இடி பட்டு இன்னும் இரண்டு சுரம் கலையலாம்.

ஆகவே வாங்குகிறவர் இதற்குத் தயாராக வேண்டும். வாசிக்கும் முன் கையை சோப்புப் போட்டுக் கழுவித் துடைக்க வேண்டும். வாசித்ததும் மைக்ரோஃபைபர் துணியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்துத் துடைத்து உலர விட வேண்டும். பிறகு தையல் மெஷின் எண்ணெய் சில சொட்டு. பிசுபிசுப்பு போகும்வரை தேய்த்து எடுக்க வேண்டும், அடித்துளை வழியாக உள்பக்கமும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், சிக்கு வாடை வரும், தூசியும் ஒட்டும். எல்லாவற்றையும்விட, பையில் மூடி மாதக்கணக்கில் வைக்காதீர்கள். பஞ்சு வைத்த பைக்குள் ஈரம் அடைந்துகொண்டு அங்கேதான் வேகமாகத் துரு ஏறும். சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டாலும் அவ்வப்போது வெளியே எடுத்துக் காற்றாட விட வேண்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேன் இதில் எவ்வளவோ தேவலை. ஆனால் அதிலும் கடற்காற்றில் தேநீர்க் கறை போலப் படியும். ஒலியும் நெடுநேரம் நீள்வதால் வேகமாக வாசித்தால் சுரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பும். கடலோர வீட்டில் பல வருடம் தாங்குமா என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

மூங்கிலுக்கு எதிரி வேறு: வறட்சி. இரவு முழுக்க ஏசி ஓடும் அறையில் கிடந்தால் நீளவாக்கில் விரியும். மயிரிழை விரிசல் என்றால் ஃபெவிக்விக் ஒரு சொட்டு ஓடவிட்டு, மேலே நைலான் நூலை இறுக்கிச் சுற்றினால் போதும், நாமே செய்யலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் உள்ளே பூஞ்சை பிடிக்கும். ஊதி முடித்ததும் குச்சியில் சுற்றிய பருத்தித் துணியால் ஈரத்தைத் துடைத்தால் வராது. மாதம் ஒருமுறை உள்ளே லேசாகக் கடுகெண்ணெய். அப்படியே கெட்டுப்போனாலும் புதிது வாங்குவது கையைக் கடிக்காது.

வாங்கும்போது 3 கட்டை, அதாவது ஈ சுருதி பான்சுரியை (வட இந்திய மூங்கில் குழல்) பாருங்கள். கச்சேரிப் பாடம் பழகும் 5 கட்டைக் குழலின் குரல் இந்த இசைக்குக் கூர்மை அதிகம். துளைகளை எல்லாம் மூடி மெதுவாக ஊதுங்கள்; கீழ்ப் பஞ்சமம் இரையாமல் வந்தால் எடுக்கலாம். விரல் எட்டவில்லை என்றால் 4 கட்டைக்கு ஏறுங்கள். ஊதும்போது கேட்கும் காற்றின் சரசரப்பைக் குறையாக நினைக்க வேண்டாம். வண்டு துளைத்த மூங்கிலில் கோடைக்காற்று குழலூதுவதைச் சங்கப் பாட்டிலேயே கேட்டவர்கள் நாம்.

பதிவில் ஒரு சிக்கல். எர்த்திங் சரியில்லாத வீட்டில் 50 ஹெர்ட்ஸ் மின் இரைச்சல் 100, 150 என்று தன் மடங்குகளோடு வரும். டி குர்ட்டின் நடுச்சுரம் சுமார் 147 ஹெர்ட்ஸ். மூன்றாம் மடங்கு 150. இரண்டும் மோதி அலைபாயும், வடிகட்டப் போனால் சுரமும் சேர்ந்து போகும். 3 கட்டைக் குழலின் அடிச்சுரமே 247 ஹெர்ட்ஸ். 200-க்குக் கீழே மொத்தமாக வெட்டிவிடலாம், பஸ் உறுமலும் அதோடு போய்விடும். மைக்கை வாய்த்துளைக்கு நேரே வைக்காமல் ஒன்றரை அடி தள்ளி, சற்று மேலே வையுங்கள். ஃபேனை நிறுத்துங்கள்.

இரண்டையும் சேர்த்து வாசிக்கப் போகிறீர்கள் என்றால் வெப்பத்தைக் கவனியுங்கள். ஒரு டிகிரி ஏறினால் குழலின் சுருதி சுமார் 3 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) உயரும், ஹேண்ட்பேன் இறங்கும். 24 டிகிரி அறையில் சேர்த்த சுருதி 34 டிகிரி மொட்டை மாடியில் சேராது. இரண்டையும் ஒரே அறையில் அரை மணி நேரம் வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.