“தேவையில்லாத வால்வு”ன்னு சொன்னா கொஞ்சம் நில்லுங்க

பழைய ஆக்டேவியா ஆர்எஸ், அதாவது 1.8 டர்போ பெட்ரோல் வெச்சிருக்கறவங்க, இதைப் படிச்சுட்டு அப்புறம் வண்டியை ஒர்க்‌ஷாப்ல விடுங்க.

என் வண்டியில ஐடிலிங், அதாவது ஆக்ஸிலரேட்டரைத் தொடாம நிக்கறப்போ என்ஜின் ஓடுற வேகம், ஏறி இறங்கிட்டே இருந்துச்சு. 20 வருஷ ரப்பர், எங்கேயோ வேக்குவம் லீக், அதாவது என்ஜின் உறிஞ்சற ஹோஸ்ல ஓட்டை விழுந்து வெளிக்காத்து உள்ளே போகுது. கோவையில ‘டர்போ ஸ்பெஷலிஸ்ட்’னு போர்டு மாட்டியிருந்த ஒருத்தர்கிட்ட கொண்டு போனேன். பானெட்டைத் தூக்கினதுமே, “சார், இந்த வால்வெல்லாம் தண்டம். பைபாஸ் பண்ணிட்டா தலைவலி விட்டுச்சு”ன்னார்.

சொன்னதுல பாதி உண்மை. அதுலதான் நான் விழுந்தேன். என்249-னு கரண்ட்ல வேலை செய்யற ஒரு வால்வு (சொலினாய்டு), கூடவே ஒரு வேக்குவம் டப்பா. இது ரெண்டையும் விட்டுட்டு என்ஜினுக்குக் காத்து போற மேனிஃபோல்டுல இருந்து, ஆக்ஸிலரேட்டரை விட்டதும் டர்போவோட மிச்சக் காத்தைத் திருப்பி விடற டைவர்டர் வால்வுக்கு நேரா ஹோஸ் போட்டாலும் வண்டி நல்லாவே ஓடும். ஒயர் சாக்கெட்டை மட்டும் கழட்டக்கூடாது, கழட்டினா செக் என்ஜின் லைட் வந்துரும். ஆனா என்75-ங்கற இன்னொரு வால்வு அப்படியில்லை. பூஸ்ட், அதாவது டர்போ தள்ளற காத்தோட அழுத்தம், எவ்வளவுன்னு பிடிச்சு வைக்கறதே அதுதான்.

14,000 ரூபாய் கொடுத்து வண்டியை எடுத்தேன். ஐடிலிங் சும்மா கல்லு மாதிரி நின்னுச்சு. மறுநாள் மேட்டுப்பாளையம் ரோட்டுல ஆக்ஸிலரேட்டரை மிதிச்சு ஒரு லாரியை ஓவர்டேக் பண்ணிட்டு பிரேக்ல கால் வெச்சா, அதுவும் கல்லு! பெடல் இறங்கவே இல்லை. ஒரு செகண்ட்தான், அப்புறம் பிடிச்சுருச்சு. முன்னாடி போன மொபெட்ல கட்டியிருந்த வாழைத்தார் இன்னும் கண்ணுக்குள்ளயே இருக்கு.

வேற மெக்கானிக் பாத்தார். என்ஜினோட வேக்குவத்தை வெச்சு பிரேக் மிதியை லேசாக்கற டப்பாதான் பிரேக் பூஸ்டர். அதுக்குப் போற பிளாஸ்டிக் பைப்புக்கு நடுவுல, காத்தை பூஸ்டர்ல இருந்து வெளியே மட்டும் விடற ஒன்வே வால்வு இருக்கணும். முதல் கடையில, பைப்பு விரிசல்னு வால்வோட சேர்த்துப் பிடுங்கிட்டு, வெறும் பெட்ரோல் ஹோஸை மாட்டி ரெண்டு பக்கமும் டை போட்டு இறுக்கியிருக்காங்க. ஆக்ஸிலரேட்டரை மிதிச்சா டர்போ காத்து நேரா பூஸ்டருக்குள்ள போகுது. அப்புறம் எங்கே பிரேக் பிடிக்கறது?

வேலை முடிஞ்சதும் கடை வாசல்லயே பாத்துருங்க. என்ஜினை ஆஃப் பண்ணி ரெண்டு நிமிஷம் கழிச்சு பிரேக்கை மிதிச்சா, முதல் மிதி மெத்துன்னு இறங்கணும். முதல் மிதியே இறுக்கமா இருந்தா அங்கேயே சாவியைக் கொடுத்துருங்க. கழட்டின சாமானையும் கேட்டு வாங்குங்க. நான் கேட்டப்போ, “குப்பையில போயிருச்சு சார்.”

அந்த ‘ஸ்பெஷலிஸ்ட்’கிட்ட போன்ல சத்தம் போட்டேன். “பையன் அதையும் வேண்டாத வால்வுன்னு நினைச்சுட்டான். கொண்டாங்க, மாட்டிரலாம். வால்வு காசும் லேபரும் மட்டும் குடுங்க”ன்றார்.